லைட் மினுக்குகிறது சரி, புகையைப் பிடிக்குமா? ஸ்மோக் டிடெக்டர் அனுபவங்கள்

விளக்குத்தூண் டெக்னீஷியன்
இதை எங்காவது சொல்லியே ஆகணும். ஒரு ஜவுளிக் குடோன், ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) கைமாறி எங்களிடம் வந்தது. பேனல் (டிடெக்டர்களைக் கண்காணிக்கிற பெட்டி) நார்மல், பழைய சர்வீஸ் ரிப்போர்ட்டில் எல்லா டிடெக்டருக்கும் ஓகே. ஏணியில் ஏறிப் பார்த்தால் ஒரு வரிசை முழுக்க, தூசி புகாமல் மாட்டி வைக்கிற ஆரஞ்சு மூடியைக் கழற்றவே இல்லை, அதன் மேல் பெயிண்ட் தெறித்துக் காய்ந்து கிடக்கிறது, ஓரத்தில் சிவப்பு எல்இடி மட்டும் மினுக்கிக்கொண்டே இருக்கிறது. கீழே நின்ற அண்ணாச்சி, "அதான் லைட் எரியுதே தம்பி, அப்புறம் என்ன?" என்றார். மூடியோடு ஸ்மோக் கேன் (டெஸ்ட் பண்ணுகிற புகை ஸ்பிரே) அடித்தேன், ஒன்றுமில்லை. மூடியைக் கழற்றி அடித்தேன், கொஞ்ச நேரத்தில் ஹூட்டர் (அலாரச் சங்கு) கத்தியது. அண்ணாச்சி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். புகை இல்லாமல் வெறும் காந்தத்தை டிடெக்டரின் டெஸ்ட் சுவிட்ச் பக்கம் வைத்து டெஸ்ட் பண்ணினால் மூடி இருந்தாலும் அலாரம் வரும், அப்படித்தான் ஓகே போட்டிருக்க வேண்டும். 2020 தீபாவளி அன்று மதுரையில் இதே விளக்குத்தூண் பகுதியில் ஜவுளிக் கடைத் தீயை அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். அதற்கு அப்புறமும் இப்படியா?

அண்ணாநகர் நர்ஸ்
நான் டெக்னிக்கல் ஆள் இல்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாம்பிராணி போடுவார்கள். ஒருதடவை ஹூட்டர் அடித்து, அட்டெண்டர்கள் எல்லாரும் படியில் ஓடி, ஒரு பாட்டி விழப்போய் அவ்வளவு கலவரம். மெயின்டனன்ஸ் தம்பி அந்த ஜோனை, அதாவது அந்தப் பகுதி டிடெக்டர்களை, ஐசொலேட் பண்ணிவிட்டு (அலாரம் வராமல் துண்டித்துவிட்டு), காலையில் திரும்பப் போடுகிறேன் அக்கா என்று போனார். ஷிஃப்ட் மாறியது. அடுத்த வெள்ளி அதே சாம்பிராணி, அதே புகை, சத்தமே இல்லை. எல்லாருக்கும் நிம்மதி, எனக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது. போய்ப் பார்த்தால் பேனலில் மஞ்சள் விளக்கு எரிகிறது, அந்த ஜோன் இன்னும் ஐசொலேட்டில்தான். எங்கள் ஐசியு இருப்பதும் அந்த ஜோனில்தான்.

ஆரப்பாளையம் ஹோட்டல்
நர்ஸ் மேடம், அந்தத் தம்பியை மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. புகை போடுகிற இடத்தில் ஸ்மோக் டிடெக்டரை வைத்தவரைக் கேட்கணும். என் கடையிலும் பரோட்டாக் கல்லுக்கு நேர் மேலே வைத்துவிட்டுப் போனார்கள். தினமும் சாயங்காலம் கல் காய்ந்ததும் அலாரம். ஒருநாள் நிமிர்ந்து பார்க்கிறேன், மாஸ்டர் அதற்குக் கேரி பேக் மாட்டி ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறார். இப்போது அங்கே ஹீட் டிடெக்டர், 57 டிகிரியில் அடிக்கிற வகை.

திருநகர் ரிட்டயர்டு
விளக்குத்தூண் தம்பி காந்தத்தையே குற்றம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. எலக்ட்ரானிக்ஸும் வயரிங்கும் சரியா என்று அது காட்டும், புகை உள்ளே போகிறதா என்பதைத்தான் காட்டாது. இரண்டும் வேண்டும். கேட்காமலே சொல்கிறேன், தெரிந்துகொள்ளுங்கள். இப்போது பெரும்பாலும் வருவது போட்டோஎலக்ட்ரிக். உள்ளே இருட்டறை, அதில் ஒரு எல்இடி, அதன் ஒளி நேராகப் படாத கோணத்தில் ஒரு சென்சார். புகை நுழைந்தால் ஒளி சிதறி சென்சாரில் விழும், அலாரம். தூசி படிந்தாலும் ஒளி சிதறும், சின்னப் பூச்சி புகுந்தாலும் சிதறும், நம் ஊர் புழுதிக்குச் சொல்லவே வேண்டாம், அதனால்தான் காரணமே இல்லாமல் கத்துகிறது. புகை நுழைகிற சல்லடையை நூலாம்படை அடைத்துவிட்டால் நேர்மாறு, புகையே உள்ளே போகாது. வேக்குவம் வைத்து உறிஞ்சி எடுங்கள், ஈரத்துணி போடாதீர்கள், பெயிண்ட் பட்டால் சுரண்டாமல் மாற்றிவிடுங்கள். ஊதுபத்தி காட்டி டெஸ்ட் பண்ணுவது எனக்குப் பிடிக்காது, பிசின் உள்ளே ஒட்டும், கேன்தான் சரி. பேனல் பேட்டரி, 12 வோல்ட் இரண்டு சேர்ந்து 24, மெயினை அணைத்துவிட்டு ஹூட்டர் அடித்துப் பாருங்கள், எத்தனையோ இடத்தில் செத்துக் கிடக்கும். நம் நாட்டுக்கு ஐஎஸ் 2189 என்ற தீ அலாரத் தரநிலை இருக்கிறது, பராமரிப்பும் அதில் உண்டு, ஏஎம்சி போடும்போது அதன்படி செய்வோம் என்று எழுதி வாங்குங்கள். அமெரிக்காவில் என்எஃப்பிஏ 72 என்ற தரநிலைப்படி பொருத்தி ஒரு வருஷத்துக்குள் உணர்திறனைச் சோதிக்கணும், அப்புறம் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்.

விளக்குத்தூண் டெக்னீஷியன்
சார், காந்தம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காந்தம் மட்டும் வைத்து ஓகே எழுதுவதைத்தான் சொன்னேன்.

மேலூர் அப்பா
2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையம் பெண்கள் விடுதியில் ஃபிரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்த செய்திக்குப் பிறகு எனக்குத் தூக்கமே இல்லை, மகள் வேறு விடுதி. நேரில் போய் அலாரம் இருக்கிறதா என்று கேட்டேன், மேலே காட்டினார்கள். காட்டியது வெறும் பேஸ் (டிடெக்டரை மாட்டுகிற அடித்தட்டு), டிடெக்டரே இல்லை, சர்வீஸுக்குப் போயிருக்கிறதாம். மகளின் கட்டிலுக்கு நேர் மேலே. மாட்டியதும் என் கண்முன் கேன் அடித்துக் காட்டணும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். தம்பி, அந்தக் கேன் எங்கே கிடைக்கும்? நானே வாங்கிக்கொண்டு போகிறேன்.

விளக்குத்தூண் டெக்னீஷியன்
அண்ணே, தீயணைப்பான் விற்கிற கடைகளில் கேளுங்கள், இல்லாவிட்டால் வரவழைத்துத் தருவார்கள். நீங்களாக அடிக்காதீர்கள், பேனல் பக்கம் அவர்கள் ஆள் ஒருவர் நிற்கட்டும், பிள்ளைகளிடமும் முன்னாலேயே சொல்லச் சொல்லுங்கள். கழற்றிய பேஸ் எத்தனை என்று எல்லா மாடியிலும் எண்ணிக் கேளுங்கள். ஒன்று கழன்றாலே பேனலில் ஃபால்ட் (கோளாறு) காட்டியிருக்கும், அதையும் யாரோ அமுக்கி வைத்திருக்கிறார்கள்.