பெர்ஜுந்தை மெட்டல் கரோக்கே: உங்களுக்கு என்ன நடந்தது?

லயத்துப்பையன்:
மாதக் கடைசி சனிக்கிழமை நம்ம சாப்பாட்டுக் கடையில் மெட்டல் கரோக்கே இரவு நடப்பது உங்களுக்கெல்லாம் தெரியும், விளக்க வேண்டாம். (2007-ல் நம்ம சிலாங்கூர் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு இன்னும் பெர்ஜுந்தைதான்.) போன மாதம் மெட்டாலிக்கா குழுவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' எடுத்தேன். 2013-ல் அவர்கள் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்துக்கு வந்தபோது வாடகை வேனில் போய்க் கத்தியவன் நான். அந்தத் திமிர்தான். எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு. நடுவில் கிட்டார் மட்டும் மெதுவாக இழையும் இடம் வந்ததும் திரையில் ஒரு சொல் இல்லை. ஒரு நிமிடத்துக்கும் மேல் அப்படியே. காரில் கேட்டால் அந்த இடம் போவதே தெரியாது. மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்று பாருங்கள்.

அப்போது ஓரத்து மேசையில் மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர் கரண்டியை வைத்துவிட்டு விரல்களால் மேசையைத் தட்ட ஆரம்பித்தார். உறுமி அடித்துப் பழகிய கை என்று பார்த்ததுமே தெரிந்தது. தாளம் ஒரு இடத்திலும் தப்பவில்லை. கடையே என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்தது. நான் வெட்கப்பட்டு, "சரி, போதும்" என்று மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன். பாட்டை நிறுத்தினார்கள். அவர் விரல் மட்டும் இன்னும் கொஞ்சம் ஓடியது. "என்னப்பா, இப்பத்தானே சூடாகுது" என்றார். இன்றைக்கும் தூங்கப் போகும்போது அந்தக் குரல் வருகிறது.

செம்பனை:
அண்ணே, கோபிக்காதீங்க, தப்பு உங்களுடையது. பின்னால் பத்துப் பதினைந்து பேர் பாட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்துக் காத்திருக்கும்போது எட்டு நிமிடப் பாட்டா? பிளாக் சபாத்தின் 'பாரனாய்டு' மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஜூடாஸ் பிரீஸ்ட்டின் 'பிரேக்கிங் த லா' அதைவிடச் சின்னது. ஆனால் ஜூடாஸ் பிரீஸ்ட் என்றதும் அவர்களுடைய 'பெயின்கில்லர்' பக்கம் போய்விடாதீர்கள். நான் போனேன். முதல் வரியிலேயே தொண்டை கிழிந்தது. திங்கட்கிழமை காலை தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் மண்டோர் (மேற்பார்வையாளர்) என் பெயரைக் கூப்பிட்டபோது வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு, "வரலையா?" என்று எழுதப் போனார். நான் அவர் எதிரிலேயே நிற்கிறேன்!

பழைய மில்:
தம்பி செம்பனை, நிமிடக் கணக்குப் பார்த்துப் பாட இது டோல் சாவடியா? அவன் இறங்கியதுதான் தப்பு, எடுத்தது தப்பில்லை.

என் கதை வேறு. நான் சர்ச் என்ற மலாய் ராக் குழுவின் 'இசபெல்லா' எடுத்தேன். "இது மெட்டல் இல்ல அங்கிள், ராக் காப்பாக் (பழைய மலாய் ராக்)" என்று பையன்கள் மேசையைத் தட்டினார்கள். 1992-ல் நீளமுடி ராக்கர்களுக்கு அரசுத் தொலைக்காட்சி ஆர்டிஎம்மில் இடமில்லை என்று ஆகி, சர்ச், விங்ஸ் குழுக்காரர்கள் முடி வெட்டிக்கொண்டது இவர்களுக்கு எப்படித் தெரியும்? எங்கள் லயத்தில் (தோட்ட வரிசை வீடுகளில்) அதைச் சாக்காக வைத்து அப்பா என் அண்ணன் முடியையும் வெட்டவைத்தார். அண்ணன் ஒரு மாதம் தொப்பியோடு திரிந்தான். போகட்டும். கோரஸ் வந்தபோது முதலில் வாய் திறந்தவன் அந்த "மெட்டல் இல்ல" பயல்தான். கண்ணை வேறு மூடிக்கொண்டான்.

ஆறாம் நம்பர் தோட்டம்:
நான் ருத்ரா கேட்டேன். சிங்கப்பூரில் 1992-ல் தொடங்கிய குழு, வேதாந்தத்தை டெத் மெட்டலாகப் பாடுகிறவர்கள். கரோக்கேயில் எங்கே கிடைக்கும்? அசல் பாட்டையே ஓடவிட்டு அதன் மேல் பாடினேன். ஆரம்பத்தில் மந்திரம். கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்த அத்தை ஒருவர் அஞ்சடியில் (கடை முன் நடைபாதையில்) நின்று, செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். அப்புறம் நான் உறும ஆரம்பித்தேன். அவர் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், காலாலேயே துழாவிச் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார். இப்போது கோயிலில் பார்த்தால், "தொண்டை சரியாயிருச்சாம்மா?" என்று கேட்கிறார்.

பிரட்டுக்களம்:
எனக்கும் ஒரு தடவை மைக் ஊளையிட்டது, அவ்வளவுதான் என் கதை. ஆனால் ஒன்று சொல்கிறேன். உறுமும்போது மைக்கின் தலையைக் கையால் பொத்தாதீர்கள். அந்த மைக் முன்னாலிருந்து வரும் சத்தத்தைத்தான் அதிகம் வாங்கும்படி செய்யப்பட்டது. பொத்தினால் எல்லாப் பக்கச் சத்தத்தையும் இழுக்கும், ஸ்பீக்கர் சத்தமும் திரும்ப உள்ளே போய் ஊளையிடும். எக்கோவைக் குறையுங்கள், வேகப்பாட்டில் சொல் மேல் சொல் விழும். சுருதியை மாற்றும் கீ பட்டனை இரண்டு படி இறக்க வெட்கப்படாதீர்கள், யாரும் கவனிக்கப் போவதில்லை. சீட்டு எழுதும் முன் இரண்டாம் பாதியில் பாடும் வரி எத்தனை என்று கைப்பேசியில் பாருங்கள். புதியவர்களுக்கு மெட்டாலிக்காவின் 'என்டர் சாண்ட்மேன்' போதும். குரல் ரொம்ப மேலே போகாது, ஐந்தரை நிமிடத்தில் முடியும். கிட்டார் நீளும் பாட்டுதான் வேண்டும் என்றால் அயர்ன் மெய்டனின் 'ஃபியர் ஆஃப் த டார்க்' எடுங்கள், கிட்டார் ராகத்தைக் கூட்டமே "ஓ ஓ" என்று பாடிவிடும். நீங்கள் தனியாக நிற்க வேண்டியதில்லை. அப்புறம், ஐஸ் தண்ணீர் குடிக்காதீர்கள். அப்புறம்...

லயத்துப்பையன்:
நன்றி அண்ணே. நான் கேட்டது அதில்லை. அந்தப் பெரியவர் எந்த உறுமிக் குழு என்று யாருக்காவது தெரியுமா? கடைக்காரரிடம் விசாரித்தேன். சனிக்கிழமை வந்தது தற்செயலாம், வழக்கமாக வியாழக்கிழமைதான் மீ கோரெங் சாப்பிட வருவாராம்.

செம்பனை:
வியாழக்கிழமை பழைய எம்ஜிஆர் பாட்டு இரவு அண்ணே.

லயத்துப்பையன்:
தெரியும். சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன்.