மேலவெளி நிலம்: மனைக்காரருக்கு முன்னால் நம் பணம் போய்ச் சேர வேண்டும்

சங்கத்துப் பெரியவர்களுக்கு வணக்கம். தம்பி தங்கைகளுக்கு அன்பு.

குவைத்திலிருந்து தம்பி போன வாரம் அனுப்பிய படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நம்ம ஊர் மேலவெளி வயலில் மனைப்பிரிவுக்காக மஞ்சள் பெயிண்ட் அடித்த கல், மூங்கில் குச்சியில் கலர் கொடி, ரோட்டோரம் ஒரு வளைவு. மாசி மகத்துக்கு ஊருக்கு வந்தபோது நான் அந்த இடத்தில் நின்று பார்த்தேன். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே அறுத்த சம்பாவின் தாள் அப்படியே கிடந்தது. பக்கத்து வயலில் உளுந்து முளைத்து இரண்டு இலை விட்டிருக்கிறது, இங்கே லாரி மண். பாமணியாற்றுத் தண்ணீரை வயலுக்குப் பிரித்துத் தரும் சின்னக் கன்னி வாய்க்கால் அந்த இடத்தில் ஒரு சிமெண்ட் குழாயாகச் சுருங்கிவிட்டது. குனிந்து குழாய்க்குள் கையை விட்டேன், முழங்கை வரைக்கும் சேறுதான் வந்தது. நாம் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கெளுத்தி பிடித்த வாய்க்கால் அது.

படத்துக்குக் கீழே நாம் எல்லோரும் வருத்தப்பட்டு எழுதினோம். இந்த மடலில் பணத்தைப் பற்றி எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

நான் நியூஜெர்சிக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம் காரில் போனால் டர்ன்பைக் நெடுஞ்சாலையின் 8ஏ வெளிவழி. அதைச் சுற்றி ஒரு காலத்தில் உருளைக்கிழங்கும் சோளமும் விளைந்த மண். இப்போது கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சரக்குக் கிடங்கு. அதே சாலைக்கு மேற்கே போனால் இன்னும் வயல்தான், வேலி ஓரத்தில் ஒரு சின்னப் பச்சைப் பலகை, ‘பாதுகாக்கப்பட்ட விளைநிலம்’ என்று எழுதியிருக்கும். இந்தப் பக்கம் கிடங்கு, அந்தப் பக்கம் வயல். இது எப்படி என்று பல வருடம் நான் யோசித்ததே இல்லை. வீட்டு வரி ரசீதை உட்கார்ந்து வரி வரியாகப் படித்த பிறகுதான் தெரிந்தது, அந்தப் பலகைக்கு நானும் பணம் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

முறை இதுதான். விவசாயி நிலத்தை விற்க வேண்டாம். அதில் வீடோ கிடங்கோ கட்டும் உரிமையை மட்டும் விற்கிறார். இரண்டு மதிப்பீட்டாளர்கள் தனித்தனியாக வந்து பார்ப்பார்கள். சந்தையில் ஏக்கர் 20,000 டாலர் போகும், இனி எந்நாளும் பயிர் மட்டுமே செய்யலாம் என்று கட்டுப்பாடு வந்தால் 8,000தான் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் 12,000ஐ அரசு அவர் கையில் கொடுக்கிறது. கட்டுப்பாடு பத்திரத்தில் ஏறிவிடும். நாளைக்கு அவர் விற்றாலும் வாங்குகிறவரையும் அது கட்டும், அவர் பேரனையும் கட்டும். வருடம் ஒரு முறை ஆள் வந்து பார்த்துவிட்டுப் போவார்.

அந்தப் பணத்தில் பெரும்பகுதி மாநிலத்திடமிருந்து வருகிறது, மீதியைக் கவுண்டியும் டவுன்ஷிப்பும் போடுகின்றன. நம் கணக்கில் மாவட்டம், ஊராட்சி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். மாநிலத்தில் மொத்தம் 21 கவுண்டி, 21லும் நிலத்தையும் திறந்தவெளியையும் காப்பாற்றவென்று தனி வரி உண்டு. எங்கள் டவுன்ஷிப்பில் வீட்டு மதிப்பில் 100 டாலருக்கு 3 சென்ட். 5 லட்சம் டாலர் வீட்டுக்கு வருடம் 150 டாலர் வரும். இந்த வரியை யாரும் மேலே இருந்து திணிக்கவில்லை. நவம்பர் தேர்தலில் வாக்குச் சீட்டிலேயே கேள்வியாக வைத்து, ஜனங்கள் ஆம் என்று சொன்ன பிறகுதான் போட்டார்கள். மாநில அளவிலும் அப்படித்தான். 1998ல் விளைநிலம், திறந்தவெளி, பழைய சின்னங்கள் எல்லாவற்றையும் காப்பாற்ற விற்பனை வரியிலிருந்து வருடம் 9.8 கோடி டாலர் ஒதுக்க மக்கள் வாக்களித்தார்கள், 2014ல் கம்பெனிகள் கட்டும் வரியில் ஒரு பங்கை இவற்றுக்குக் கொடுத்தார்கள். முதல் பண்ணையைக் காப்பாற்றியது 1985ல். இன்றைக்கு 2,800 பண்ணைகளுக்கு மேல், இரண்டரை லட்சம் ஏக்கரை ஒட்டிய நிலம். நாங்கள் சனிக்கிழமை சனிக்கிழமை கத்திரிக்காயும் வெண்டைக்காயும் வாங்கும் பண்ணையும் அதில் ஒன்று.

அந்தப் பண்ணைக்காரர் எழுபதைத் தாண்டியவர். ஏன் உரிமையை விற்றீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். மண் மேல் இருக்கும் பாசத்தைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு. அப்பா இறந்தவுடன் கூடப் பிறந்தவர்கள் தங்கள் பங்கைக் கேட்டார்களாம். அவர்கள் யாரும் விவசாயம் செய்கிறவர்கள் இல்லை, கேட்டதில் தப்பும் இல்லை. பங்கைப் பணமாகக் கொடுக்க இவரிடம் வழியில்லை, மொத்தமாக விற்பதுதான் பாக்கி. அந்த நேரத்தில் இந்தத் திட்டத்துப் பணம் வந்தது. தம்பிக்கும் தங்கைக்கும் பங்கைக் கொடுத்தார், நிலம் அவரிடமே தங்கியது.

எனக்கு அங்கேயே நம்ம ஊர்தான் ஞாபகம் வந்தது. மேலவெளியில் மனையாகிப் போன நிலங்களை எண்ணிப் பாருங்கள். பேராசைப்பட்டு விற்றவர் ஒருவர்கூட எனக்குத் தெரிந்து இல்லை. பாகப்பிரிவினை, பெண் கல்யாணம், தஞ்சாவூர் ஆஸ்பத்திரிச் செலவு, இல்லையென்றால் கடைமடைக்குத் தண்ணீர் வராமல் இரண்டு போகம் போனது. அந்த நாளில் ரொக்கத்தோடு வாசலில் வந்து நிற்பவர் மனைத் தரகர் ஒருவர்தான். நாம் விஷயம் தெரிந்து, குழுவில் பேசி, யார் எவ்வளவு என்று முடிவு செய்வதற்குள் அட்வான்ஸ் கைமாறிவிடுகிறது. நியூஜெர்சிக்காரர்கள் பணத்தை முன்னாலேயே சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். தேவை வந்த பிறகு வசூலுக்குக் கிளம்புவதில்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன்.

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2011ல் அப்பா காலமான வருடம், நானும் அண்ணனும் மேலவெளியில் இரண்டு மாவை (மூன்று மா ஒரு ஏக்கர்) விற்றோம். வாங்கியவர் பயிர் வைப்பார் என்றுதான் சொன்னார்கள், நாங்களும் அதற்கு மேல் விசாரிக்கவில்லை. இன்றைக்கு வளைவு நிற்பது அதில்தான். அந்தப் பணம் இல்லாமல் எங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அண்ணனும் நானும் இதைப் பற்றி இன்று வரை சரியாகப் பேசிக்கொண்டதில்லை.

அதனால் முதல் வேண்டுகோள் நமக்குத்தான். மேலவெளியில் இன்னும் பயிராகும் நிலத்தில் எத்தனை மா வெளியூரில் இருக்கும் நம் பேரில் இருக்கிறது என்று ஒரு கணக்கு எடுக்க வேண்டும். என் அனுமானம், பாதிக்கு மேல் இருக்கும்.

இங்கே இருக்கும் முறையை அப்படியே அங்கே கொண்டுபோக முடியாது என்பதும் எனக்குத் தெரியும். கட்டும் உரிமையைத் தனியாகப் பிரித்து விற்று, அதை என்றென்றைக்கும் பத்திரத்தில் ஏற்றும் ஏற்பாடு நம் நாட்டுச் சட்டத்தில் கிடையாது. 2020ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நம் பகுதிக்கும் உண்டு, அதற்காகப் போராடியவர்களை நான் மறக்கவில்லை. ஆனால் அது எண்ணெய்க் கிணறு, மீத்தேன், உருக்காலை, தோல் பதனிடும் ஆலை மாதிரியானவற்றைத்தான் தடுக்கிறது. அந்தப் பட்டியலில் மனைப்பிரிவு இல்லை. 2016ல் உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று தடுத்தபோது ஊரில் கொஞ்ச நாள் மூச்சு விட்டோம், அடுத்த வருடமே அந்த மனைகளைக் கட்டணம் வாங்கி முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தது. நஞ்சையை மனையாக்க ஆட்சியர் ஒப்புதல் வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த விண்ணப்பம் போகும்போது, வாய்க்கால் எங்கே ஓடுகிறது, வடிகால் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தோடு ஆட்சேபணை எழுதிக் கொடுக்க ஊரில் ஓர் ஆள் வேண்டும். அதற்கும் செலவு உண்டு.

சிங்கப்பூர் அண்ணன், ‘நாமே சேர்ந்து வாங்கிவிடலாமே’ என்று எழுதியிருந்தார். நல்ல மனசு, ஆனால் முடியாது. வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியரோ, வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளிக்காரருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவரோ இந்தியாவில் விளைநிலம் வாங்கக் கூடாது. வாரிசாக வந்ததை வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இன்னொன்று, என்னைப் போல் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் சங்கத்துக்குப் பணம் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வரும். எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு இல்லாமல் நம் சங்கம் அதைத் தொடக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பலாம், அதில் சிக்கல் இல்லை. மச்சான் கணக்குக்கு அனுப்பி அங்கிருந்து சங்கத்துக்கு மாற்றலாம் என்று யாரும் யோசனை சொல்ல வேண்டாம், சங்கம் சட்டச் சிக்கலில் மாட்டிக்கொள்ளும்.

வாங்க முடியாவிட்டால் குத்தகைக்கு எடுக்கலாமே என்றால், எழுதிய குத்தகைக்கும் ஊரில் யாரும் எளிதாகச் சம்மதிக்க மாட்டார்கள். 1955ஆம் வருடத்துச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தில் நிலம் திரும்பக் கைக்கு வராதோ என்ற பயம் இன்னும் போகவில்லை. பயிர் செய்கிறவர்களுக்கு அந்தச் சட்டம்தான் துணை என்பதும் உண்மை. அதனால் அதில் நாம் கையை வைக்க வேண்டாம்.

அப்புறம் என்னதான் செய்வது? நம்ம ஊரிலேயே இதற்கு முறை இருக்கிறது. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுகிறோம். ஏழை பணக்காரர் பார்க்காமல் ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று, கேட்காமலே வந்துவிடுகிறது. அதே மாதிரி நிலத்துக்கு ஒரு தலைக்கட்டு வரி. உள்ளூரில் இருப்பவர்களும், இந்தியப் பாஸ்போர்ட்டில் வெளியே இருப்பவர்களும் வருடா வருடம் சித்திரையில் கட்ட வேண்டும். தொகை எவ்வளவு என்று கூட்டத்தில் பேசலாம். பெரிய தொகையாக இருக்க வேண்டாம், ஆனால் ஒரு வருடம்கூட நிற்கக் கூடாது.

அதில் முதல் செலவு வாய்க்கால். ஜூன் 12 மேட்டூர் திறப்பதற்கு முன்னால் மேலவெளிக் கன்னி வாய்க்காலும் வடிகாலும் தூர் எடுத்திருக்க வேண்டும். காரணத்தைச் சொல்கிறேன். ஒரு மனைப்பிரிவு வந்தால் மண் அடித்து மேடாக்குவார்கள், வடிகால் அடைபடும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பக்கத்து வயலில் தண்ணீர் நிற்கும், சம்பா அழுகும். இரண்டு வருடம் அப்படிப் போனால் அவரும் விற்பார். ஒரு மனை அடுத்த வயலைத் தின்கிறது. இங்கே நியூஜெர்சியிலும் தனியாக நடுவில் கிடக்கும் துண்டை விட, ஏற்கெனவே காப்பாற்றிய பண்ணையை ஒட்டிய நிலத்துக்குத்தான் அதிக மதிப்பெண் போடுகிறார்கள். நாமும் மனைப்பிரிவை ஒட்டியிருக்கும் எட்டுப் பத்து வயலிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டாவது செலவு வட்டியில்லாக் கைமாற்று. பங்காளிக்குப் பங்கு கொடுக்கவோ ஆஸ்பத்திரிக்கோ பணம் வேண்டும் என்று ஒருவர் நிலத்தை விற்க வந்தால், ஒரு வாரத்துக்குள் சங்கம் பணம் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று அறுவடையில் அவர் திருப்பித் தரட்டும். இதற்குச் சங்க விதியில் இடம் உண்டா, இல்லையென்றால் எப்படித் திருத்துவது என்று ஆடிட்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். செயலாளர் அண்ணன் அதை இந்த மாதமே செய்தால் நல்லது.

நான் பணம் தர முடியாத இடத்தில் இருக்கிறேன், அது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. என்னிடம் இருப்பது அப்பா வழியில் வந்த மீதி நாலு மா. சட்டப்படி இந்தியாவில் இருக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் நான் அதை விற்க முடியும். என் வார்த்தை இது: விற்பதாக இருந்தால், பதினைந்து வருடமாக அதில் பயிர் வைக்கும் மாமாவுக்கும் அவர் மகனுக்கும்தான் முதலில் சொல்வேன், அவர்களால் முடியாவிட்டால் ஊரில் உழுகிற இன்னொருவருக்கு. மனைக்குக் கிடையாது. இதை வக்கீலிடம் கொடுத்து ஒப்பந்தமாக எழுதச் சொல்லியிருக்கிறேன், வரைவு வந்ததும் எல்லோருக்கும் அனுப்புகிறேன். சேர விரும்புகிறவர்கள் உங்கள் சர்வே எண்ணையும் பட்டா யார் பேரில் இருக்கிறது என்பதையும் எனக்குத் தனி மடலில் அனுப்புங்கள். பட்டா இன்னும் தாத்தா பேரிலேயே இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், பாதிப் பேருக்கு அப்படித்தான் இருக்கும்.

கடைசியாக ஒன்று, இது அவசரம். வளைவுக்குத் தெற்கே வடிகாலை ஒட்டிய ஆறு மாவைப் போன வாரம் சங்கிலி போட்டு அளந்திருக்கிறார்கள் என்று மாமா போனில் சொன்னார். பங்காளிகள் மூன்று பேர், ஒருவர் ஊரில், ஒருவர் திருப்பூரில், மூன்றாமவர் துபாயில் இருக்கிறார் என்று கேள்வி. அட்வான்ஸ் இன்னும் வாங்கவில்லையாம். துபாயில் இருக்கும் நம் பிள்ளைகள் யாராவது இந்த வெள்ளிக்கிழமை அவரை நேரில் போய்ப் பாருங்கள். குற்றம் சொல்லும் தொனி வேண்டாம். என்ன தேவை, எவ்வளவு, எப்போதுக்குள் என்று மட்டும் கேட்டு வந்து எனக்கு எழுதுங்கள்.