சுறா, திருக்கை முள்ளெலும்பு வளையங்கள்: இருவர் எண்ணிக்கை ஒத்துவரவில்லை, எது வயது?

கேள்வி: கடல்வகுப்பு

முதுகலை செய்முறை வகுப்பில் வளையங்களை எண்ணி வயதைக் கணிப்பதற்காகச் சிறிய சுறா, திருக்கை இரண்டின் முள்ளெலும்புகளையும் தயார் செய்கிறோம். சதை போவதற்காக எல்லாவற்றையும் ப்ளீச்சில் ஒரு மணி நேரம் போட்டதில், 4 மி.மீ. விட்டமுள்ள சிறிய சென்ட்ரங்கள் (முள்ளெலும்பின் இருபுறமும் குழிந்த நடுவட்டுகள்) ஓரம் உதிர்ந்துவிட்டன. பெரியவை நன்றாக இருக்கின்றன. ஃபார்மலினில் கிடந்த பழைய மாதிரிகளிலோ வளையமே தெரியவில்லை. நன்றாக வந்த வெட்டுகளிலும் சிக்கல்: ஒரே வெட்டில் ஒருவர் 7 என்கிறார், இன்னொருவர் 9 என்கிறார். மாணவர்களுக்கு எதைச் சரி என்று சொல்வது? 9 வளையம் என்றால் 9 வயது என்று எழுதலாமா?

பதில்: வெட்டுமேசை

ஃபார்மலின் மாதிரிகளை இந்த வேலைக்கு மறந்துவிடுங்கள். சுறாவுக்கு இருப்பது எலும்பே அல்ல, கால்சியம் ஏறிய குருத்தெலும்பு. ஃபார்மலின் நாள்பட்டால் ஃபார்மிக் அமிலம் சேரும். அது கால்சியத்தைக் கரைக்கும். கால்சியத்தின் அடர்த்தி மாறி மாறி வருவதுதான் நமக்கு வளையமாகத் தெரிகிறது. அது கரைந்தபின் எந்தச் சாயம் ஏற்றியும் பயனில்லை. இனி எடுப்பவற்றை வெட்டும் நாள்வரை உறைநிலையில் வையுங்கள்.

சுறாவில் முதல் முதுகுத்துடுப்புக்குக் கீழே உள்ள பகுதியிலிருந்து வரிசையாக 5 முதல் 10 வரை எடுங்கள். திருக்கையில் தலைக்குப் பின்னால் உள்ள முள்ளெலும்புகள் ஒட்டி ஒரே குழாயாக இருக்கும்; அதைத் தாண்டி, வயிற்றுப் பகுதியில் உள்ள பெரியவற்றை எடுக்க வேண்டும். எல்லா மீனிலும் ஒரே இடம் என்பது முக்கியம். சில இனங்களில் முதுகின் ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் வளைய எண்ணிக்கையே மாறும். பாஸ்கிங் சுறாவில் இது தெளிவாகவே காட்டப்பட்டிருக்கிறது.

ப்ளீச்சுக்கு ஒரே நேரக்கணக்கு வைத்ததுதான் தவறு. முதலில் மேல் வளைவு, கீழ் வளைவு, பக்கச் சதை எல்லாவற்றையும் கத்தியால் நீக்கிவிட்டு சென்ட்ரங்களைத் தனித்தனியாகப் பிரியுங்கள். 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் சிறியவற்றை 5 நிமிடம் போட்டு எடுத்துப் பாருங்கள். தேவையென்றால் இன்னும் 5 நிமிடம். பெரியவற்றுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகலாம். குழிவின் மேலுள்ள சவ்வு கழன்று வந்த உடனே நிறுத்தி, ஓடும் நீரில் நன்றாகக் கழுவி, 70 சதவீத எத்தனாலில் போடுங்கள். ப்ளீச் மிச்சமிருந்தால் அரிப்பு தொடர்ந்துகொண்டே இருக்கும்.

வெட்டும்போது ரெசினில் பதித்து, மெதுவாகச் சுழலும் வைர அலகு வாளால், நடுப்புள்ளி வழியாக நெடுக்கில் 0.3 முதல் 0.5 மி.மீ. தடிமனில் வெட்டுங்கள். சரியாக விழுந்த வெட்டு உடுக்கை மாதிரி இருக்கும்; இடுப்பு ஒடுங்கி ஒரு புள்ளியில் கூட வேண்டும். இடுப்பு தடித்திருந்தால் நடுப்புள்ளி தவறிவிட்டது என்று அர்த்தம். அந்த வெட்டில் பிறப்புக் குறியும் (பிறக்கும் சமயத்தில் விழும் வளையம்) அடுத்து வரும் முதல் வளையமும் காணாமல் போயிருக்கும், எண்ணாதீர்கள்.

பதில்: நுண்ணோக்கி

7, 9 வித்தியாசத்துக்கு முதலில் பிறப்புக் குறியைப் பாருங்கள். உடுக்கையின் வெளிச்சுவர் மையத்திலிருந்து வரும்போது ஓரிடத்தில் கோணம் சற்று மாறும். அங்கே வரும் வளையம்தான் பிறப்புக் குறி, அது பூஜ்யம். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு அடர் பட்டையும் வெளிர் பட்டையும் சேர்ந்து ஓர் இணை, அதாவது ஒன்று. ஒருவர் பிறப்புக் குறியையும் சேர்த்து எண்ணுவது மிகச் சாதாரணமாக நடக்கும்.

அடுத்தது பொய்வளையம். உண்மையான பட்டை வெளிச்சுவரிலும் தெரியும், உடுக்கையின் இரு பக்கங்களையும் இணைத்துக் குறுக்கேயும் ஓடும். பாதியில் மறைவதை எண்ணக் கூடாது. இந்த விதிகளைத் தாளில் எழுதி, வளையம் குறித்த சில படங்களையும் மாணவர்கள் முன் வைத்த பிறகே எண்ண விடுங்கள். மீனின் நீளம், பால் எதுவும் தெரியக் கூடாது. பெரிய மீன் என்று தெரிந்தாலே கண் கூடுதல் வளையம் தேடும்.

7, 9 இரண்டுக்கும் சராசரி எடுத்து 8 என்று எழுதுவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கட்டும். ஒத்துவராவிட்டால் அந்த மாதிரியை விலக்குங்கள். இருவர் எண்ணிக்கை எவ்வளவு விலகுகிறது என்பதைக் காட்ட இரண்டு அளவுகள் உண்டு: அந்த ஒரு மீனுக்கு மாறுபாட்டுக் கெழு கிட்டத்தட்ட 17.7 சதவீதம், சராசரிப் பிழைச் சதவீதம் 12.5. எல்லா மீன்களுக்கும் இதைக் கணக்கிட்டுச் சராசரி எடுங்கள். அதோடு ஒருவர் எண்ணிக்கைக்கு எதிராக மற்றவர் எண்ணிக்கையை வரைபடமாகப் போடுங்கள். ஒருவர் தொடர்ந்து ஒன்று கூடவே எண்ணுகிறார் என்பது அதில்தான் கண்ணில் படும், கெழுவில் தெரியாது.

கடல்வகுப்பு

மிக்க நன்றி. 9 என்றவர் பிறப்புக் குறியையும் ஒரு பாதிப் பட்டையையும் சேர்த்திருக்கிறார். இப்போது இருவரும் 7 என்கிறார்கள். அப்படியானால் வயது 7 தானே?

பதில்: நெடுங்கடல்

இல்லை. இருவர் ஒத்துப்போனால் எண்ணியது சீராக இருக்கிறது என்றுதான் பொருள். ஆண்டுக்கு ஓர் இணை உருவாகிறது என்பதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். பசிபிக் ஏஞ்சல் சுறாவில் வளையம் ஆண்டைப் பின்பற்றுவதில்லை, உடல் வளர்ச்சியைப் பின்பற்றுகிறது. நியூசிலாந்துக் கடலின் போர்பீகிள் சுறாக்களில் வளையக் கணக்கு அதிகபட்சம் 38 ஆண்டுகள் வரை காட்டியது. அணுகுண்டுச் சோதனைகளால் கடலில் கலந்த கதிரியக்கக் கார்பனை முள்ளெலும்பில் அளந்தபோது 65 வரை இருக்கலாம் என்று வந்தது. முதிர்ந்த சுறாவில் உடல் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுவதால், புதிய பட்டைகள் ஓரத்தில் நெருக்கியடித்துப் பிரித்துப் பார்க்க முடியாமல் போகின்றன, அல்லது உருவாவதே இல்லை.

நிரூபிக்க நேரடியான வழி, உடல் எடையில் கிலோவுக்கு 25 மி.கி. ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை ஊசியாகப் போட்டு, அடையாளமிட்டுத் திரும்பக் கடலில் விடுவது. அது கால்சியத்தோடு படிந்து புற ஊதா ஒளியில் ஒரு கோடாக ஒளிரும். மீன் திரும்பக் கிடைத்தால் அந்தக் கோட்டுக்கு வெளியே எத்தனை இணை என்று எண்ணி, கடந்த காலத்தோடு ஒப்பிடலாம். வெட்டுகளை இருட்டில் வைக்காவிட்டால் ஒளிர்வு மங்கிவிடும்.

வகுப்பில் செய்யக்கூடியது ஓரவளர்ச்சி விகிதம்: கடைசி முழு இணைக்கு வெளியே உள்ள அகலத்தை, அந்த இணையின் அகலத்தால் வகுப்பது. மாதவாரியாக மாதிரி வேண்டும், இளம் மீன்களில்தான் ஓரம் தெளிவாக இருக்கும். ஆண்டில் ஒரே ஒருமுறை விகிதம் சரிந்தால் ஆண்டு வளையம் என்பதற்கு ஆதரவு கிடைக்கும். அப்போதும் அது அளந்த வயது வரம்புக்கு மட்டுமே.

இதில் விடாப்பிடியாக நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. வயதைக் குறைத்துக் கணித்தால் மீன் வேகமாக வளர்கிறது, சீக்கிரம் முதிர்கிறது என்று வளர்ச்சிச் சமன்பாடு சொல்லும். அதை நம்பிப் பிடிப்பு அளவு நிர்ணயித்தால், சில குட்டிகளே ஈனும் இனம் தாங்காது. எனவே பதிவேட்டில் ‘வயது 7’ என்று எழுத வேண்டாம், ‘வளைய இணை 7’ என்று எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் சுறாவுக்கு முழு நீளம், திருக்கைக்கு வட்டுடலின் அகலம், வெட்டு எடுத்த இடம் மூன்றும் இருக்கட்டும்.