மலையக ரோட்டுக்கு முதல் காசு எதுக்கு: தடுப்புச் சுவருக்கா, வடிகால் கானுக்கா?

புசல்லாவைக்காரன்
இலங்கையைத் தாக்கிய டித்வா புயலுக்குப் பிறகு எல்லாரும் கேட்பது, அடுத்த பெரிய தடுப்புச் சுவர் எந்த வளைவில் வரப்போகிறது என்று. என் கேள்வி வேறு. சுவர் வராத வளைவை யார் பார்ப்பது? 2013இல் ஜப்பான் கடனில் தேசிய வீதிகளுக்கு ஒரு மண்சரிவுப் பாதுகாப்புத் திட்டம் வந்தது. பிறகு ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கியின் காசில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நூற்றுச் சொச்சம் இடங்களை எடுத்தது. அந்த வேலைகளைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு சுவருக்கும் அடுத்த சுவருக்கும் நடுவில் மைல் கணக்கில் ரோட்டுக்காக மலையை வெட்டிய சரிவு கிடக்கிறதே! காசில் பாதியைக் கான், மதகு, வெடிப்பு அடைப்பு, வருடாந்தப் பரிசோதனைக்கு ஒதுக்கட்டும். அதிலும் ஒக்டோபர் மழைக்கு முன்னே.

சரிவளவி
தம்பி, நான் இந்தத் தொழிலில் இருப்பவன், அதனால் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். 1990களின் தொடக்கத்தில் வட்டவளையில் ரயில் பாதையே பக்கவாட்டில் நகர்ந்தது. அங்கே ரோட்டோரக் கானைச் சுத்தம் பண்ணியிருந்தால் நின்றிருக்குமா? நிற்காது. சரிந்து வந்து குவிந்த பழைய மண் ஆழமாகக் கிடக்கிறது. அதற்குள் நிலத்தடி நீர் ஏற ஏற, மண்துகள்களை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் அழுத்தம் குறைகிறது. மலை சுமை தாங்காமல் விழுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். விழவைப்பது உள்ளே ஏறும் நீரழுத்தம். உள்ளே துளைபோட்டு நீரை வெளியே எடுத்துத்தான் வட்டவளையை அடக்கினார்கள். அதற்குத் துளைக்கிணறு வேண்டும், நீர்மட்டமானி வேண்டும், மாதக்கணக்கில் அளவெடுக்க வேண்டும். மண்வெட்டியால் ஆகிற காரியமில்லை. இருக்கிற கொஞ்சக் காசைப் பாதியாகப் பிரித்தால் ஆழமான சரிவும் நிற்காது, ஆழமில்லாததும் நிற்காது.

புசல்லாவைக்காரன்
அண்ணே, வட்டவளை மாதிரி இடங்கள் எத்தனை? மழைக்கு ரோட்டு மூடுகிற நாளில் பெரும்பாலும் வந்து விழுவது நேர்குத்தாக வெட்டிய மேட்டின் மேல்மண். பெக்கோ இயந்திரம் வந்து மண்ணை அள்ளிவிட்டுப் போகும், அடுத்த மழையில் அதே இடம். இன்னொன்று மதகு. வாயில் கிளையும் பிளாஸ்டிக்கும் அடைத்தால் தண்ணீர் மதகுக்குள் போகாமல் தார்மேலே ஓடி, அடுத்த தாழ்வில் பள்ளத்தாக்குப் பக்கம் இறங்கும். அந்தப் பக்கம் பெரும்பாலும் வெட்டிய மண்ணைக் கொட்டி நிரப்பிய விளிம்பு. இரண்டு மழைக்குத் தாங்கும், மூன்றாவதில் பாதி ரோட்டைக் காணோம். பிறகு அதே இடத்துக்குக் கோடிக்கணக்கில் சுவர்.

மண்சரிவு எச்சரிக்கை முறையையும் பாருங்கள். 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் மஞ்சள், 100 என்றால் செம்மஞ்சள், 150 என்றால் சிவப்பு, வெளியேறு. உயிர் காக்கிற ஏற்பாடு, சந்தேகமில்லை. ஆனால் மானி அளப்பது வானத்திலிருந்து விழுந்த மழையை. மேலே ஒரு கான் உடைந்து மேல்சரிவின் முழுத் தண்ணீரும் ஒரே வெட்டில் இறங்கினால், அந்த வெட்டுக்கு மஞ்சள் நாளே சிவப்பு நாள்தான்.

லைன்வீட்டுப் பேரன்
பதுளை வரைக்கும் ரயில் ஓடத் தொடங்கினது 1924ல. மழை பேஞ்சா தண்டவாளத்தோட நடந்து பாக்க ஆள் போகும், மண் விழுந்திருந்தா வண்டிய நிப்பாட்டும். ரோட்டுக்கு அப்படி ஒரு ஆள் உண்டா? பஸ் டிரைவர்தான் முதல்ல பாக்குறாரு.

சரிவளவி
நடந்து பார்ப்பது நல்லதுதான், ஆனால் கண்ணுக்குத் தெரிவது மேல்மண் மட்டும்.

தம்பி சொல்கிற மழைமானி விஷயத்தை மறுக்கவில்லை. தடுமாறுவது காசில்தான். சுவருக்கு வெளிநாட்டுக் கடன் கிடைக்கும். கான் வெட்டக் கடன் கொடுப்பவர் அரிது. அது ஆண்டு ஒதுக்கீட்டில் வரவேண்டும், நெருக்கடி என்றதும் முதலில் வெட்டு விழுவதும் அங்கேதான். "பாதியைப் பராமரிப்புக்கு மாற்று" என்றால், மாற்றக்கூடிய காசு அல்ல அது.

ஹொங்கொங்கை உதாரணம் காட்ட யாராவது வருவீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். 1972இலும் 1976இலும் நடந்த பெரிய மண்சரிவுகளுக்குப் பிறகு, 1977இல் அங்கே இதற்கென்றே ஓர் அலுவலகம் திறந்தார்கள். இன்று மனிதர் வெட்டியும் நிரப்பியும் உண்டாக்கிய சுமார் 60,000 சரிவான மேடுகளுக்கு எண் உண்டு, ஒவ்வொன்றையும் பராமரிக்க யார் பொறுப்பு என்பதும் பதிவில் உண்டு. சின்ன நிலம், பெரிய பணம்.

கணக்கப்புள்ள
எண் கொடுக்கப் பெரிய பணம் எதுக்கு சேர்? பெயின்ட் டப்பாவும் கொப்பியும் போதும். பொறுப்பாளி யாருன்னு எழுதுறதுதான் கஷ்டம். ஏ, பி வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, அதுக்குக் கீழே மாகாணம், அப்புறம் பிரதேச சபை. தோட்ட ரோட்டு? கம்பனிகிட்ட கேட்டா சபைங்கும், சபைகிட்ட கேட்டா கம்பனிங்கும். தோட்டத்துக்குள்ள பிரதேச சபை காசு செலவழிக்க 2018ல சட்டத்தைத் திருத்தித்தான் வழி வந்துச்சு.

பட்டியல்ல இருந்தா மட்டும் ஆச்சா? மீரியபெத்தைத் தோட்டத்துக்கு 2005லயும் 2011லயும் எச்சரிச்சாங்க. 2014 ஒக்டோபர் 29 காலையில மலை தொழிலாளர் லயத்து மேலயே வந்துச்சு.

இன்னொன்னு. எந்த இடத்துக்கு முதல்ல காசுன்னு ஆபத்துக்குப் புள்ளி போடும்போது எத்தனை வாகனம் போகுதுன்னுதானே பாக்குறீங்க? எங்க ரோட்டுல கொழுந்து லொறி, ரெண்டு ஆட்டோ, நாளைக்கு ஒரு பஸ். புள்ளி ஏறவே ஏறாது. ஆனா அது உடைஞ்சா பிரசவ வலிக்காரிய நாற்காலியில தூக்கிக்கிட்டு இறங்கணும். புள்ளிப் பட்டியல்ல "வேற வழி உண்டா"ன்னு ஒரு நிரல் போடுங்க.

புசல்லாவைக்காரன்
இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். வாகனக் கணக்கு மட்டும் என்றால் பெரிய வீதிகளில் இருக்கிற கடுகண்ணாவையும் ரம்பொடையும்தான் எப்போதும் மேலே நிற்கும்.

சரிவளவி
நிரல் போடலாம், அதில் எனக்குச் சண்டையில்லை. எத்தனை புள்ளி என்பதில்தான் சண்டை. பத்துக் குடும்பத்தின் ஒரே வழிக்கும் கண்டி வீதிக்கும் ஒரே புள்ளி என்றால் நான் கையெழுத்துப் போடமாட்டேன். பெரிய இடங்களுக்கு ஒதுக்கிய காசில் கைவைப்பதற்கும் நான் இல்லை.

கணக்கப்புள்ள
பத்துக் குடும்பமா? மேல் டிவிசன், கீழ் டிவிசன், நடுவுல பள்ளிக்கூடம். ஒருநாள் வந்து எண்ணிப் பாத்துட்டுப் புள்ளி போடுங்க சேர்.