எதையும் முடிக்காமல் எல்லாவற்றையும் தோண்டுகிறேன்: இது படிப்பா, பொழுதுபோக்கா?

கேள்வி: திருப்பூர்க் கணக்கன்

வயது 43. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். பி.காம். முடித்ததோடு கல்லூரிப் படிப்பு நின்றது. அதன்பிறகு படித்ததெல்லாம் என் இஷ்டத்துக்குப் படித்ததுதான்.

என் மேசை இழுப்பறையில் 200 பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. மனதில் எது குடைந்தாலும் அதில் எழுதிவைப்பேன். போன வாரம் எண்ணிப் பார்த்தேன், 11 தலைப்புகள். தேனீ தன் கூட்டுக்கு எப்படி வழி சொல்கிறது. அது ஆடிக் காட்டும் ஆட்டத்தில் திசையும் தூரமும் இருக்கின்றன என்பதுவரை போனேன். ஜப்பானிய ஹிரகானா எழுத்து 46இல் 30 வரை வந்தேன். சதுரங்கத்தில் ஒரு தொடக்க முறை. சாயப்பட்டறை பில்லில் ஏன் இவ்வளவு உப்பு. தென்னை ஏன் கிளை விடுவதில்லை. இப்படியே போகிறது. ஒன்றுகூடக் கடைசிப் பக்கத்தைப் பார்க்கவில்லை.

"இந்த நேரத்தில் ஒரு ஜி.எஸ்.டி. பயிற்சியாவது முடித்திருந்தால் சம்பளம் ஏறியிருக்கும்" என்கிறாள் மனைவி. அவள் சொல்வதில் தவறு காண முடியவில்லை. பாடத்திட்டம், தேர்வு, ஆசிரியர் எதுவும் இல்லாமல் ஆர்வம் இழுத்த பக்கமெல்லாம் போவது உண்மையில் கல்விதானா? இல்லை, பரீட்சைக்குப் பயந்தவன் கண்டுபிடித்த சாக்கா? அப்படியே வாழ்ந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: கடைசி நிறுத்தம்

தம்பி, நான் கும்பகோணம் பக்கத்தில் பஸ் கண்டக்டராக இருந்து 2014இல் ஓய்வு பெற்றவன். எஸ்.எஸ்.எல்.சி.யோடு சரி. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1996இல் எனக்குக் கிடைத்த வழித்தடத்தின் கடைசி நிறுத்தம் ஒரு சின்ன கிராமம். மதிய ட்ரிப்பில் அங்கே 40 நிமிடம் வண்டி நிற்கும். டிரைவர் படுத்துவிடுவார். நான் இன்வாய்ஸ், அதாவது டிக்கெட் கணக்கு, எழுதி முடித்துவிட்டு எதிரே இருந்த சிவன் கோயிலின் நிழலில் போய் உட்காருவேன். அடித்தளக் கல் முழுவதும் எழுத்து. ஒரு வருடம் அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டிருந்தேனே தவிர, திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு நாள் கண்ணில் பட்டது மூன்று எழுத்து: கூ, ய, சு. திண்ணைப் பள்ளியில் படித்த என் தாத்தா ஒன்றிலிருந்து பத்து வரை "க, உ, ங, ச, ரு, சு, எ, அ, கூ, ய" என்று ஒப்பிப்பார். ஒன்பது, பத்து, ஆறு. தொண்ணூற்றாறு! டிக்கெட்டும் சில்லறையும் எண்ணியே வாழ்ந்தவனுக்கு எண் கண்ணில் பட்டால் அடுத்த கேள்வி ஒன்றுதான்: எதில் 96?

அவ்வளவுதான் தொடக்கம். சோழர் கால எழுத்துப் பட்டியல் ஒன்றை நகல் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். எண்ணுக்கு முன்னால் இருந்ததை எழுத்து எழுத்தாக இன்வாய்ஸ் அட்டையின் பின்பக்கத்தில் இறக்கினேன். கிடைத்தது இது: சரவரமூவரபபெரரடு.

இதை வைத்துக்கொண்டு ஒன்றரை மாதம் தவித்தேன். பிறகு நடுவில் "மூவர" தெரிந்ததும் துள்ளிக் குதித்தேன். மூவர் என்றால் அப்பர், சம்பந்தர், சுந்தரர். தேவார மூவருக்கு 96 என்னவோ கொடுத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். முடிவு கட்டியதோடு விட்டேனா? குருக்களிடம் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன், டிப்போவில் சொன்னேன். ஊருக்குள் எனக்குக் கல்வெட்டுக்காரர் என்று பெயர்கூட வந்துவிட்டது.

தஞ்சாவூரில் ஒரு நூலகத்தில் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளைப் புரட்டியபோது மானம் போயிற்று. 1890இலிருந்து அச்சாகி வரும் வரிசை அது. அந்தக் காலக் கல்லில் புள்ளி வைப்பது அரிது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம். இந்த மூன்றையும் மனதில் வைத்து என் வரியைத் திரும்பப் படித்தேன்: சாவா மூவாப் பேராடு. சாகாத, மூப்படையாத, வளர்ந்த ஆடு. தேவாரமும் இல்லை, மூவரும் இல்லை. 96 ஆடு!

டீக்கடைக்குப் போய், நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குருக்கள் மட்டும் இன்றுவரை மூவர் கதையைத்தான் வருகிறவர்களிடம் சொல்கிறார்.

சரி, ஆடு எப்படிச் சாகாமல் இருக்கும்? அறுவடை முடிந்தால் எங்கள் பக்கம் ராமநாதபுரத்திலிருந்து கீதாரிகள் ஆட்டை ஓட்டி வந்து வயலில் கிடை போடுவார்கள். ஒரு பெரியவரிடம் கேட்டேன். "உங்களிடம் 96 ஆடு கொடுத்தால் எப்போது வந்து எண்ணினாலும் 96 இருக்குமா?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெட்டைக் குட்டியை வைத்துக்கொண்டு கிடாயை விற்றால், நோய் வராத வரைக்கும் 96 என்ன, அதற்கு மேலும் இருக்கும் என்றார். சோழர் செய்ததும் அதுதான். ஒருவர் கோயிலில் நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய 96 ஆடு கொடுப்பார். ஆட்டை மன்றாடி, அதாவது இடையர், ஏற்றுக்கொள்வார். ஈன்றதெல்லாம் அவருக்கு, தினம் ஒரு உழக்கு நெய் கோயிலுக்கு. கிழடு கழிந்து குட்டி அந்த இடத்துக்கு வருவதால் மந்தைக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை. அசலைத் தொடாமல் வட்டியில் விளக்கு எரிகிறது, சந்திரனும் சூரியனும் உள்ளவரை. தஞ்சைப் பெரிய கோயிலில் இதே ஒரு விளக்குக்கு 48 பசு, அல்லது 16 எருமை. இரண்டு ஆடு ஒரு பசு, மூன்று பசு ஒரு எருமை என்று கணக்கு வருகிறது பாருங்கள். கணக்கு எழுதுபவர் நீங்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். ஒரு உழக்கு நெய் ஒரு நாள் முழுக்க எரியுமா என்ற சந்தேகம் வந்துவிட்டது. அம்மாவின் பித்தளை உழக்கைப் பரணிலிருந்து இறக்கி, நெய்க்கு வசதியில்லாததால் நல்லெண்ணெய் அளந்து, மாலை ஆறு மணிக்கு ஒற்றைத் திரி ஏற்றினேன். வீட்டில் இருந்தவர்கள் பூஜை என்று நினைத்துக் கும்பிட்டார்கள். மறுநாள் மாலை நான்கரைக்கு அணைந்தது. சோழர் உழக்கும் எங்கள் வீட்டு உழக்கும் ஒன்று என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்த நெய்க் கணக்கு சும்மா எழுதியதில்லை என்று தெரிந்துகொண்டேன்.

பிறகு கோயிலுக்குத் திருப்பணி நடந்தது. தரையை உயர்த்திச் சிமெண்டு போட்டார்கள். என் வரி இப்போது தரைக்கு அடியில் இருக்கிறது. மேலே இருப்பது இன்வாய்ஸ் அட்டையில் நான் இறக்கியது மட்டும்.

உங்கள் 11இல் பத்தை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். உப்பு பில் மட்டும் உங்கள் மேசைக்கு வந்த கேள்வி. அதை ஏன் நடுவில் விட்டீர்கள்?

பதில் 2: ஊசிமுனை

பெரியவர் எழுதியதை ரசித்துப் படித்தேன். ஆனால் ஆர்வம் மட்டுமே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்று யாராவது நினைத்தால் அது பாதி உண்மைதான்.

நாகர்கோவிலில் தையல் கடை வைத்திருக்கிறேன். கடை வாசலில் ஒரு கம்பி நட்டு, துணியில் கோடு போடும் சாக்கட்டியால் அதன் நிழலைக் குறித்துவந்தேன். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் உச்சியில் நிழல் கம்பிக்குள்ளேயே மறைந்துவிட்டது. ஆனால் அது 12 மணிக்கு இல்லை, 12.20 வாக்கில். என் கடிகாரம் தவறு என்று நினைத்து மாற்றிக்கூட வைத்தேன். கடிகாரத்தில் குற்றமில்லை. நம் நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகைக்கு வைத்தது. நாங்கள் அதற்கு ஐந்து பாகை மேற்கே இருக்கிறோம். பாகைக்கு நான்கு நிமிடம், ஆக 20 நிமிடம்.

இதுவரை ஆர்வம் இழுத்துக்கொண்டு வந்தது. அடுத்து, நிழலின் நீளத்தை வைத்துச் சூரியனின் உயரத்தைக் கணக்கிட ஆசைப்பட்டேன். அங்கே சுவர். முக்கோணவியல் தெரியாது. ஆர்வம் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பையனின் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை வாங்கி, நான்கு மாதம், இரவு கடை அடைத்தபின் ஒரு மணி நேரம் கணக்குப் போட்டேன். அதில் எந்தச் சுகமும் இல்லை. கொட்டாவிதான். அந்தப் பையன் தப்பைத் திருத்தும்போது எனக்குக் கோபம்கூட வந்தது.

கணக்கன் அண்ணா, உங்கள் 30ஆவது ஹிரகானா எழுத்தில் நின்றது ஆர்வக் குறைவா, கொட்டாவி வரும் இடமா என்று பாருங்கள். எனக்கென்னவோ இரண்டாவது என்றுதான் படுகிறது.

பதில் 3: மலைக்குருவி

வேலையை விடாமலே ஆழமாகப் போகலாம். ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரி, கல்லூரியில் படித்தது வேதியியலும் சட்டமும். அரசுப் பணியில் இருந்துகொண்டேதான் குகைகளில் உள்ள தமிழ் பிராமி என்ற பழந்தமிழ் எழுத்தைப் படித்தார். கரூர் அருகே புகளூர்க் கல்வெட்டில் சேர மன்னர் பெயர்களை அவர் வாசித்தது 1960களில். சிந்துவெளி எழுத்துக்கான அவருடைய தொகுப்பு 1977இல் வந்தது. அண்ணியிடம் இதைச் சொல்ல வேண்டாம், அவர் ஐ.ஏ.எஸ். அல்லவா என்று மடக்கிவிடுவார்.

கேள்வியாளர்: திருப்பூர்க் கணக்கன்

பதில் எழுதப் பத்து நாள் ஆனதற்கு மன்னியுங்கள். ஐயா கேட்ட கேள்வி தூங்கவிடவில்லை. உப்பை ஏன் விட்டேன் என்று யோசித்தால், அதற்கு வேதியியல் வேண்டும் என்று பயந்திருக்கிறேன். தங்கை ஊசிமுனை சொன்ன சுவர் அதுதான்.

எங்களுக்குத் துணி சாயமேற்றித் தரும் பட்டறையின் மாஸ்டரிடம் போய்க் கேட்டேன். இருபது வருடமாக பில் போடுகிறேன், உள்ளே போனது இதுவே முதல் முறை. நீரில் நனைந்த பருத்திக்கும் சாயத்துக்கும் ஒரே வகை மின்னூட்டம், அதனால் ஒன்றையொன்று விலக்குகின்றன. உப்பைப் போட்டால் அந்த விலகல் அடங்கிச் சாயம் நூலை நெருங்குகிறது. பிறகு சோடா சாம்பல் போட்டதும் பிடித்துக்கொள்கிறது. "சரி, உப்பு துணியில் தங்குமா?" என்றேன். "அலசலில் எல்லாம் போய்விடும்" என்றார்.

நான் கணக்கன். வரவும் செலவும் ஒத்துப்போக வேண்டும். உப்பு துணியில் இல்லை என்றால், நான் பில் போட்ட ஒவ்வொரு மூட்டையும் தண்ணீரோடு வெளியே வந்தாக வேண்டும். நொய்யல் ஆற்றுத் தண்ணீர் ஏன் உப்பாகிப்போனது என்று ஊரே பேசுவதை இத்தனை காலம் கேட்டிருக்கிறேன். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது சம்பளம் வருமா என்பதுதான் என் கவலை. அந்த மூட்டைக் கணக்கு என் கையெழுத்தில் இருந்தது என்பது இப்போதுதான் உறைக்கிறது.

இப்போது கழிவுநீரை எதிர்ச் சவ்வூடு பரவலில் (ஆர்.ஓ.) பிரித்து, மிச்சத்தைக் கொதிக்கவைத்து உப்பை மீட்கிறார்கள். மாஸ்டர் அதையும் காட்டினார்.

ஊசிமுனை

அப்படியானால் மீட்ட உப்பு போக, புதிதாக வாங்கும் உப்பு முன்னைவிட எவ்வளவு குறைந்திருக்கிறது? 2011க்கு முந்தைய பில்கள் இருக்கின்றனவா அண்ணா?

திருப்பூர்க் கணக்கன்

கிடங்கில் மூட்டை கட்டி வைத்திருக்கிறோம். எலி கடித்தது போக இருக்கும். மார்ச் மாதம், கணக்கு முடிக்கும் நேரம். முதலாளி கேட்டால் பழைய பாக்கி தேடுகிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இறக்குகிறேன்.

கடைசி நிறுத்தம்

மூட்டையைப் பிரிப்பதற்கு முன்னால் மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள் தம்பி, பழைய தாளின் தூசு பொல்லாதது. எண்ணை எழுதும்போது எந்த பில்லில் பார்த்தது என்று பக்கத்திலேயே தேதியோடு குறித்துவிடுங்கள். நான் அதைச் செய்யாமல் விட்டு இப்போது தவிக்கிறேன். எந்தப் பக்கத்துச் சுவர் என்று அட்டையில் எழுதவே இல்லை.