'வகைமாதிரி' வேண்டாம், 'பெயர்ச்சான்று' என்போம்

அன்பர்களுக்கு வணக்கம்.

ஒரு காளான் இனத்துக்கு அறிவியல் பெயர் சூட்டும்போது அப்பெயருக்கு ஆதாரமாக உலர்த்திக் காக்கப்படும் கூறினை (type specimen) 'வகைமாதிரி' என்றே அழைக்கலாம் என்று முந்தைய மடலில் கண்டேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாதிரிப் பள்ளி, மாதிரி வினாத்தாள் என்று கேட்டுப் பழகிய நமக்கு, இனத்தின் இலக்கணம் முழுதும் பொருந்திய ஒன்று என்றே அச்சொல் பொருள்படும். அறிவியல் பெயர்களுக்கான பன்னாட்டுப் பெயரிடல் விதித்தொகுப்போ, அக்கூறு இனத்தின் சிறந்த எடுத்துக்காட்டாக இருக்க வேண்டியதில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

அமெரிக்க மாட்சுடாக்கே என்னும் உண்ணத்தக்க காளானை எடுத்துக்கொள்வோம். 2,700க்கும் மேற்பட்ட பூஞ்சை இனங்களை விவரித்த சார்லஸ் ஹார்ட்டன் பெக், நியூயார்க் மாநிலத்தில் கிடைத்த காளானுக்கு 1878இல் 'மேக்னிவெலாரிஸ்' என்று பெயரிட்டார். 'பெருந்திரையுடையது' என்பது பொருள்; திரை என்பது இளங்காளானின் தொப்பிக்கு அடியில் மூடியிருக்கும் படலம். ஆரிகன், வாஷிங்டன் காடுகளில் பறித்து ஜப்பானுக்கு ஏற்றுமதியாகும் காளானையும் நெடுங்காலம் அதே பெயரால்தான் அழைத்தார்கள். கிழக்கு, மேற்கு, மெக்சிகோ என மூன்றும் வெவ்வேறு இனங்கள் என்று 2017இல் வெளியான ஆய்வு பிரித்துக் காட்டியபோது, பழைய பெயர் சந்தையில் புகழ்பெற்ற மேற்குக் காளானுக்குப் போகவில்லை. பெக்கின் கூறு நியூயார்க்கினது என்பதால் கிழக்குக்கே நின்றது. மேற்கினம் 'மரில்லியானம்' ஆயிற்று.

நூறாண்டு கடந்த காளான் கூறு பார்வைக்கு எப்படி இருக்கும்? தாவரங்களைப் போல அழுத்தித் தாளில் ஒட்டாமல் காயவைத்துக் காகித உறையிலோ பெட்டியிலோ இட்டிருப்பார்கள்; வெண்ணிறத் தொப்பி மாவற்றலாய்ச் சுருங்கிப் பழுப்பேறியிருக்கும்; பறித்த அன்று வீசிய இலவங்கப்பட்டை மணமும் இருக்காது. இதைக் கையில் வைத்துக்கொண்டு 'மாதிரி' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. (இக்கூறுகள் இருக்குமிடத்தை 'உலர்தாவரகம்' என்பதும் பொருந்தாது, காளான் தாவரமன்று; 'பூஞ்சையகம்' போதும்.)

சுமைதாங்கி, இடிதாங்கி போல 'பெயர்தாங்கி' எனலாமே என்று முதலில் எண்ணினேன். ஆனால் பெயரளவில் மட்டும் இருப்பவரை இகழும் சொல்லாக அது ஏற்கெனவே வழக்கில் உள்ளது. 'பெயர்மூலம்' என்றால் மருத்துவர்கள் சிரிப்பார்கள். ஆகவே 'பெயர்ச்சான்று' என்பதை முன்வைக்கிறேன்; செய்யும் வேலையைச் சொல்லும் சொல் அது.

கிளைச்சொற்களும் இதிலிருந்து எளிதாகப் பிறக்கின்றன. பெயரிட்டவரே குறித்த ஒற்றைக் கூறு 'முதற்பெயர்ச்சான்று'. புதுப்பெயருக்குச் சான்றினைக் குறித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் 1958இல்தான் வந்தது, அதனால் பெக் காலத்துப் பெயர்கள் பலவற்றுக்குப் பிற்காலத்தார் பழைய கூறுகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்கிறது, அது 'தேர்பெயர்ச்சான்று'. மூலக் கூறுகள் யாவும் அழிந்தபின் புதிதாக வைப்பதை 'மாற்றுப்பெயர்ச்சான்று' என்று எழுதிப் பார்த்தேன். மாற்றுப்பெயருக்கான சான்று என்று பிரிந்து பொருள் குழம்புகிறது. இப்போதைக்கு 'ஈட்டுப் பெயர்ச்சான்று' என்று குறித்து வைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமான முன்னொட்டு உங்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள்.