ட்யூப்ல யார் யார் ஏறுறீங்க?

குழு: நம்ம குடும்பம் (புதுசு)

விக்கி: ட்யூப் வந்துடுச்சு!! படகுக்குப் பின்னாடி கயிறு கட்டி இழுக்கற காத்து மெத்தை, 3 பேர் படுத்துக்கிட்டுப் போறது. ஞாயிறு யார் யார் ஏறுறீங்க, பேர் போடுங்க

விக்கி: [படம்]

ஹேமா: ஹால் முழுக்க இதுவா கிடக்கு? அம்மா ஒண்ணும் சொல்லலயா

தினேஷ்: நான் 1

சேகர்: படகு ரெடி. டேங்க் ஃபுல் பண்ணியாச்சு

கீதா: அதுக்கு மட்டும் கேட்காமலே ஃபுல் ஆயிடும்

பாட்டி: இனிய காலை வணக்கம் 🌸

பாலு: விக்கி, இழுக்கறதுக்கு என்ன கயிறு?

விக்கி: படகுலயே இருக்குன்னு மாமா சொன்னார் சித்தப்பா

சேகர்: ஸ்கீ கயிறு மச்சான். கல்லு மாதிரி இருக்கு

பாலு: மாப்ளை, ஸ்கீ கயிறு வேற, ட்யூப் கயிறு வேற. ஸ்கீல ஒருத்தர் கால்ல பலகை மாட்டி தண்ணி மேல வழுக்கிக்கிட்டு வருவார், அவ்வளவா இழுக்காது. ட்யூப் அகலமா படுத்துக்கிட்டு வரும். அலையில துள்ளும், கயிறு தளரும், மறுபடி விறைக்கறப்ப ஒரு வெட்டு வெட்டும் பாருங்க, அந்த வெட்டைத்தான் கயிறு தாங்கணும். அதனால ட்யூப் கயிறை ஆள் கணக்குலதான் விக்கறாங்க. ஒருத்தருக்கு 1,500 பவுண்டு இழுப்பு தாங்கணும், ரெண்டு பேருக்கு 2,375, மூணு பேருக்கு 3,350, நாலு பேருக்கு 4,100. நீளம் 50 அடிக்குக் குறையவும் கூடாது, 65 அடியைத் தாண்டவும் வேணாம். ஸ்கீ கயிறு பொதுவா 75 அடி இருக்கும்.

தினேஷ்: 3,350 பவுண்டுன்னா 1,500 கிலோவுக்கு மேல. நாங்க மூணு பேர் அவ்ளோ வெயிட்டா?

ஹேமா: உங்களை வச்சுக் கணக்குப் போட்டிருப்பாங்க

பாலு: எடைக்கு இல்ல மாப்ளை, வெட்டுக்கு. முழுசாப் படிங்க.

கீதா: தினேஷ், அண்ணன் மெசேஜை முழுசாப் படிக்கறதுக்குள்ள ஞாயிறு வந்துடும்

ஹேமா: போன தடவை கொண்டு போன நீல ஐஸ் பெட்டி யார்கிட்ட இருக்கு?

கீதா: உங்கிட்டதானே

ஹேமா: எங்கிட்ட இல்ல அத்தை

சேகர்: அது எங்க பெட்டி

விக்கி: [படம்] மாமா, இந்தக் கயிறா?

பாலு: நடுவுல முடிச்சு இருக்கே!

சேகர்: நான் போட்டது. யாராலயும் பிரிக்க முடியாது

பாலு: பிரிக்க வேணாம், தூக்கிப் போடுங்க. ஒரு முடிச்சு விழுந்தா கயிறோட பலத்துல பாதி வரைக்கும் போயிடும். வெயில்ல வெளுத்து நார் நாரா வேற நிக்குது. இது அறுந்தா அதோட முடிஞ்சிடாது. இழுபட்ட கயிறு திரும்பி படகைப் பார்த்துத்தான் பாயும். பின் சீட்டுல கயிறுக்கு நேரா யாரு உக்காந்திருக்காங்களோ அவங்க முகத்துல அடிக்கும். கயிறு நல்லதா இருந்தாலும் அந்த இடத்துல ஆள் இருக்கக்கூடாது.

கீதா: அண்ணா, அம்மாவை அங்கதான் உக்கார வைக்கறதா இருந்தோம்

பாட்டி: நான் வரல

கீதா: வரலன்னா விடுங்க

பாட்டி: வரலன்னு யார் சொன்னது. அந்த மெத்தையில ஏறலன்னு சொன்னேன்

விக்கி: 😂😂

விக்கி: 3 ஆள் கயிறு, 60 அடி. ஆர்டர் போட்டுட்டேன். சனிக்குள்ள வந்துடும்னு காட்டுது

தினேஷ்: கயிறை எங்க மாட்டறது? மேல அந்தக் கம்பி வளையத்துலயா

சேகர்: ஆமா, உசரமா இருந்தாத்தான் நல்லா இழுக்கும்

பாலு: அது வேக்போர்டுக்கு, ஒருத்தர் ஒத்தைப் பலகையில நின்னுக்கிட்டு வர்றதுக்கு. ட்யூப் இழுக்கற இழுப்பை அது தாங்காது. படகோட பின் சுவத்துல இழுவைக் கொக்கி இருக்கும், இல்லன்னா ரெண்டு பக்கமும் வளையம் இருக்கும், அதுல V மாதிரி பட்டை மாட்டி நடுவுல கட்டணும். ஒரு பக்க வளையத்துல மட்டும் கட்டினா படகு ஒருக்களிச்சு இழுத்துக்கிட்டே போகும்.

சேகர்: மச்சான் எப்ப படகு வாங்கினீங்க? சொல்லவே இல்ல

பாலு: படகு இல்லாதவன் படிக்கக்கூடாதா?

ஹேமா: சண்டை வேணாம். பின்னாடி பார்க்கறது யாரு? மாமா ஓட்டறப்ப

சேகர்: கண்ணாடி இருக்கேம்மா

பாலு: கண்ணாடி போதாது. 30 கிலோமீட்டர் வேகத்துல படகு ஒரு செகண்டுக்கு 8 மீட்டர் போகும். 10 செகண்ட் கவனிக்கலன்னா விழுந்த ஆள் 80 மீட்டர் பின்னாடி, அலைக்கு நடுவுல ஒரு தலை. இன்னொரு படகு வந்தா அவனுக்கு எப்படித் தெரியும்? ஓட்டறவர் முன்னாடிதான் பார்க்கணும். ட்யூப்பை மட்டும் பார்க்கறதுக்குன்னு தனியா ஒரு ஆள். விழுந்த உடனே கத்தணும், கொடி தூக்கணும்.

கீதா: நான் பார்க்கறேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து இவரைப் பார்த்துக்கிட்டு இருக்கேன், ட்யூப்பைப் பார்க்க மாட்டேனா

தினேஷ்: அத்தை நீங்க போனைப் பார்ப்பீங்க

கீதா: உங்க மாமியார்கிட்ட சொல்லிடுவேன்

சேகர்: 50ல போனாத்தான் மஜா. 30ல்லாம் நடந்தே போயிடலாம்

ஹேமா: மாமா எங்க பிள்ளைங்க ரெண்டும் ஏறாது. சொல்லிட்டேன்

பாலு: பெரியவங்களுக்கே 32க்கு மேல வேணாம், பிள்ளைங்களுக்கு 24ஐத் தாண்டவே கூடாது. மீட்டர்ல 30 காட்டும், ஆனா படகு திரும்பறப்ப ட்யூப் வெளிப்பக்கமா வீசிக்கிட்டுப் போகும். அப்ப அது படகை விட வேகம். பொதுவா அப்பத்தான் ஆள் பறக்கறது. கரை, படகுத்துறை, குளிக்கறவங்க எல்லாம் நாம இருக்கற இடத்துலேர்ந்து எவ்ளோ தூரம்னு பார்க்கக்கூடாது, ட்யூப் வீசற இடத்துலேர்ந்து பார்க்கணும்.

சேகர்: அதுலதான்யா த்ரில்லே

தினேஷ்: அன்னிக்குக் கார்ல கொடுத்த த்ரில் மாதிரியா

சேகர்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ஹேமா: நான் படிச்சுட்டேன் மாமா

கீதா: நானும்

பாட்டி: கார் விஷயத்தை எடுக்காதீங்க. முடிஞ்சு போச்சு

விக்கி: லைஃப் ஜாக்கெட் எத்தனை இருக்கு மாமா?

சேகர்: 6. பெல்ட் மாதிரி. தண்ணில விழுந்தா தானா ஊதிக்கும். காஸ்ட்லி

பாலு: அது இதுக்கு ஆகாது. வேகமா தண்ணில அடிபடறப்ப ஏற்கனவே உடம்போட இறுக்கமா நிக்கிற நுரை ஜாக்கெட்தான் வேணும். மாட்டினதும் தோள்ல பிடிச்சு மேல தூக்கிப் பாருங்க, காது வரைக்கும் ஏறினா பெருசு. பிள்ளைங்களுக்குப் பெரியவங்களோடதை மாட்டி விட்டாலும் இப்படித்தான் ஏறும்.

ஹேமா: எங்களுது நுரை. 4 இருக்கு

தினேஷ்: நான் சின்னவனை நடுவுல போட்டுக்கிட்டுப் போறேன், பயப்பட மாட்டான்

ஹேமா: நீங்க 92 கிலோ அவன் 21. ட்யூப் குதிச்சா உங்க தலை அவன் தலையில. யோசிச்சுப் பேசுங்க

பாலு: ஹேமா சொல்றது சரி. ஒரே அளவு ஆளுங்கதான் சேர்ந்து ஏறணும். கைப்பிடிக்குள்ள மணிக்கட்டை விட்டுக்கக் கூடாது, கயிறைக் கையில சுத்தவும் கூடாது. விழணும்னா விழுந்துடணும்.

தினேஷ்: 👍

விக்கி: சிக்னல்: கட்டை விரல் மேல = வேகம், கீழ = மெதுவா, கழுத்துல கையை இழுத்தா = நிறுத்து. விழுந்தவங்க ஒண்ணும் ஆகலன்னா கையைத் தூக்கிக் காட்டணும். ஓகேவா

கீதா: தினேஷ் இப்பப் போட்டதுக்கு வேகமா போங்கன்னு அர்த்தம்

பாலு: இதை எல்லாரும் படிக்கணும். விழுந்த ஆளை எடுக்கப் போறப்ப ரிவர்ஸ்ல வரவே கூடாது. சுத்தித் திரும்பி, ஆள் ஓட்டறவர் பக்கமா கண்ணுல படற மாதிரி, மெதுவா வரணும். ஏத்தறதுக்கு முன்னாடி இன்ஜினை அணைக்கணும். நியூட்ரல் பத்தாது, சாவியைத் திருப்பி அணைக்கணும். புரொப்பல்லர் பின்னாடிதான் இருக்கு. புகையும் அங்கதான் வரும், ஓடற இன்ஜின் பக்கத்துல பிள்ளைங்க ஏணியைப் பிடிச்சுத் தொங்கக் கூடாது.

ஹேமா: விக்கி இதைப் பின் பண்ணு

விக்கி: பண்ணிட்டேன்

சேகர்: சரி மச்சான், அப்ப நீங்களே ஓட்டுங்க. நான் கரையில உக்காந்து கை தட்டறேன்

பாலு: நான் அப்படிச் சொல்லல

சேகர்: சொல்லாம சொன்னீங்க

பாட்டி: மாப்ளையே ஓட்டட்டும். அவர் படகு. கீதா பின்னாடி பார்க்கட்டும். பாலு வாயை மூடிக்கிட்டு உக்காரட்டும்

விக்கி: 🙏

ஹேமா: 30க்கு மேல போனா நான் கத்துவேன். நடந்தே போனாலும் பரவால்ல

சேகர்: உனக்காக 28

தினேஷ்: அப்ப முதல் ரவுண்டு நான், விக்கி, அப்புறம் யாரு?

கீதா: விக்கி, பறக்கற மாதிரி ட்யூப் ஒண்ணு வருதாமே, அது இல்லையே இது?

விக்கி: இல்ல அத்தை. அப்படி ஒண்ணை அமெரிக்காவுல 2006லயே திரும்ப வாங்கிட்டாங்க, ரெண்டு பேர் செத்துப் போனதால. இது தட்டையானது

விக்கி: கயிறு டெலிவரி திங்கள்னு மாத்திட்டான் 😐

சேகர்: அப்ப பழைய கயிறுல ஒரே ஒரு ரவுண்டு

பாலு: மாப்ளை

கீதா: வேணாம்

ஹேமா: அடுத்த ஞாயிறு வச்சுக்கலாமே

தினேஷ்: அடுத்த ஞாயிறு எனக்கு ட்யூட்டி

சேகர்: சனி?

பாலு: நீல ஐஸ் பெட்டி எங்க வீட்டு மாடியில இருக்கு. யாரோடது?